என் பாட்டு ஏறிப்போன வேன்

1

தாரணி, லோகேஷ்,

மூன்று வாரமாக அப்பா உங்களுக்குப் பாட்டு எதுவும் அனுப்பவில்லை. போன ஞாயிறு உங்கள் அம்மா போனில் கேட்டாள், "ஏன், அந்த ஊர்ல பாட்டு தீந்துபோச்சா?" என்று. வேலை ஜாஸ்தி என்று சொன்னேன். அது பொய்.

காரணம் பொறாமை. உங்கள் மஞ்சு சித்தப்பா மேல். என் கூடப் பிறந்த தம்பி மேல். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனில் சொன்னால் லோகேஷ் நடுவில் சிரிப்பான், தாரணி "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாள். காகிதத்தில் எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்கலாம். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நான் ஐ.டி.ஐ. படித்தவன்தான். பிழை இருந்தால் தாரணி திருத்திப் படித்துக்கொள்ளவும். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். சித்தப்பாவுக்குக் காட்டலாமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

2

நான் இங்கே வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. ஓசூரில் நான் மெஷின் செட்டராக இருந்த கம்பெனி, அமெரிக்காவில் கென்டக்கி என்கிற இந்த மலைப் பகுதியில் ஒரு சின்ன கிளை திறந்தது. அந்த மெஷின்களைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். அப்போது தாரணிக்குப் பத்து வயது, லோகேஷுக்கு ஐந்து. அம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதை விட்டுவிட்டு வரமுடியாது என்று அவள் சொன்னது நியாயம். மேல் போர்ஷன் காலியாக இருக்கிறது, நீ வந்து தங்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடு என்று மஞ்சுவை வரச் சொன்னது நான்தான். இதை நீங்கள் மறக்கக்கூடாது. நானும் மறக்கக்கூடாது, ஆனால் மறந்துபோனேன்.

வந்த புதிதில் பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் ஆபீஸில் என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, இதில் குடும்பப் பெயர் எது, உன் பெயர் எது என்று கேட்டார்கள். முனிராஜ் என் பெயர், மாதப்பா என் அப்பா பெயர் என்றேன். அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு என்னமோ தட்டினாள். அட்டையில் நான் மாதப்பாவாக வந்து நின்றேன். அன்றிலிருந்து இந்த ஊரே என்னை உங்கள் தாத்தா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. முதல் ஆறு மாதம் அப்படிக் கூப்பிட்டால் என்னைத்தான் என்று திரும்பிப் பார்க்கவே தோன்றாது. இப்போது பழகிவிட்டது.

நான் இங்கே வாங்கினது ஒரு பழைய கார். அதன் ரேடியோவில் பட்டன் உடைந்து, ஒரே ஸ்டேஷனில் நின்றுவிட்டிருந்தது. அதில் விடாமல் பழைய கன்ட்ரி பாட்டுகள், இந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி. மூக்கால் பாடுகிற ஆண்கள், வேகமாகத் தட்டுகிற பேஞ்சோ. பேஞ்சோ என்பது தோல் போர்த்திய வட்டத்துக்குக் கழுத்து வைத்து நரம்பு கட்டின மாதிரி ஒரு வாத்தியம். ஓசூர் கம்பெனி மெஷின் ஷாப்பில் சின்னச் சின்ன வாஷர்களை இரும்புத் தட்டில் கொட்டினால் ஒரு சத்தம் வருமே, எனக்கு முதலில் அப்படித்தான் கேட்டது. ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன். அன்று சூப்பர்வைசர் என்னிடம் என்ன சொன்னார் என்று புரியாமல், ஒரு மெஷினைத் தப்பாக செட் பண்ணி, எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றிருந்தேன். காரில் ஏறி எதற்கென்றே தெரியாமல் ரேடியோவைப் போட்டேன். ஒருவர் பாடினார். மழை, ரயில், அம்மா, சமையல்கட்டு விளக்கு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது! இந்த நாட்டுக்கு வந்து, ஒருத்தர் பேசினது முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். காரை ஓரமாக நிறுத்திக் கேட்டேன். படித்தவர்கள் இந்தப் பாட்டைக் கிண்டல் பண்ணுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பண்ணட்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாடுகிறவர்கள் இவர்கள்தான்.

3

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ராய். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை வா என்று கூப்பிட்டார்.

மூடிப்போன ஒரு மாட்டுத்தீவனக் கடை. வியாழன் சாயங்காலம் அதில் பத்து பன்னிரண்டு பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். பேஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஆள் உயரத்துக்கு நிற்கிற, கட்டைக் குரலில் முழங்குகிற பேஸ் என்கிற நரம்பு வாத்தியம், அப்புறம் ஃபிடில். ஃபிடில் நம் வயலின்தான், பிடிக்கிற விதம் வேறு. நோட்டு கிடையாது, மாஸ்டர் கிடையாது. ஒருவர் பாட்டை எடுப்பார். ஒரு அடி முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து லேசாகத் தலை அசைப்பார். அப்படியென்றால் இனி உன் முறை. அவர் வாசிக்கும்போது மற்ற எல்லோரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் தாளம் மட்டும் போடுவார்கள். வேண்டாம் என்றால் தலையை ஆட்டினால் போதும், முறை அடுத்தவருக்குப் போகும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அடுத்த பாட்டில் மறுபடி உன் பக்கம் திரும்புவார்கள். நான் ஒரு வருடமாக வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் திரும்புகிறார்கள்.

ராயின் மகனும் மகளும் வருவார்கள். மகளுக்குத் தாரணி வயதுதான் இருக்கும். ராய் நடுக்குரலில் பாட, மகள் அவர் தோளை ஒட்டி நின்று அதே வரியை அதற்கு மேலே வேறு சுரத்தில் பாடுவாள். இருவர் குரலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது எனக்கு முதுகு சிலிர்க்கும். அதே நேரத்தில் வயிறும் எரியும். அந்தப் பெண் பாடி முடித்ததும் அப்பன் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொள்வாள். நான் தரையைப் பார்ப்பேன்.

அன்றிலிருந்துதான் சனிக்கிழமை தவறாமல் நம் குடும்ப குரூப்பில் உங்களுக்கு ஒரு பாட்டு அனுப்ப ஆரம்பித்தேன். எவ்வளவு தேடி அனுப்பினேன் தெரியுமா? வார்த்தை சுலபமாக இருக்கவேண்டும், சாராயப் பாட்டாக இருக்கக்கூடாது, லோகேஷுக்குச் சிரிப்பு வரவேண்டும். நீங்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீல டிக் வரும். லோகேஷ் ஒரு கட்டை விரலை அனுப்புவான். ஞாயிறு போன் பண்ணினால் தாரணி, "டெஸ்ட் இருக்குப்பா" என்பாள். பிள்ளைகள் வளர்கிறார்கள், நாம் எட்டி நிற்கவேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

போன மாதம் பத்மா அக்கா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். என்னோடு ஓசூர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர்கள், இப்போதும் சித்தப்பா ஓட்டுகிற கம்பெனி வேனில்தான், பள்ளிக்கூடம் போகிற உங்களோடு சேர்ந்து, வேலைக்குப் போகிறார்கள். "முனிராஜு, உம்பொண்ணு என்னாமா பாடுது பாரு. தெனம் காலைல எங்களுக்கு இதுதான்" என்று குரல் பதிவு வேறு.

வீடியோவைத் திறந்தேன். பாகலூர் ரோட்டில் வேன் போகிறது. மஞ்சு ஒரு கையால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறான். முன் சீட்டில் தாரணி யூனிஃபார்மில், அவன் குரலுக்கு மேலே ஏறிப் பாடுகிறாள். இரண்டு குரலும் ராயும் மகளும் மாதிரி அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. லோகேஷ் பின்னாலிருந்து மாடு மாதிரி கத்துகிறான். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் கை தட்டிச் சிரிக்கிறார்கள்.

பாட்டு, நான் அனுப்பினது. காணாமல் போன கோவேறு கழுதையைத் தேடி ஒருத்தன் வீடு வீடாகப் போய்க் கேட்கிற பாட்டு. அதைச் சித்தப்பா தமிழில் கட்டிவிட்டிருந்தான். கழுதை, குந்தாரப்பள்ளி சந்தையிலிருந்து வரும் வழியில் தொலைந்துபோன மாடாகியிருந்தது. முதல் வீட்டில், எங்கள் மாட்டைப் பார்த்தீர்களா என்று தமிழில் கேட்கிறான். இரண்டாவது வீட்டில் கன்னடத்தில், "நம்ம ஹசு நோடித்ரா?" மூன்றாவது வீட்டில் தெலுங்கில், "மா ஆவு சூசாரா?" ஒவ்வொரு வீட்டுக்கும் வேனில் அந்தந்த மொழிக்காரப் பெண்கள் "இல்ல", "இல்லா", "லேது" என்று கூட்டமாகப் பதில் சொல்கிறார்கள்.

எவ்வளவு நன்றாக இருந்தது! அதுதான் என்னைச் சுட்டது. நான் அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அதை ஓசூருக்குக் கூட்டிப்போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சு எப்போதும் அப்படித்தான். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி நாங்கள் இருவரும் ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது, பஸ் இறங்குவதற்குள் கண்டக்டரோடு கன்னடத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு டிக்கெட் கேட்கத் தமிழே தடுமாறும். கேன்டீனில் அவன் பாடினால் சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வருவார். நான் அவன் அண்ணன் என்று சொல்லித்தான் அறிமுகம் ஆவேன்.

சரி, அதெல்லாம் அவனுடையது, இருக்கட்டும். இந்தப் பாட்டு ஒன்று நானாகக் கண்டுபிடித்தது. நீங்கள் இருவரும் என் பிள்ளைகள். இரண்டும் சேர்ந்து அவன் வேனில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5

அடுத்த ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் எனக்கு எப்படி இருந்தது என்று தெரியாது.

நான் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தேன். "வேன் பாட்டைப் பாடுங்க, நானும் வர்றேன்" என்றேன். சித்தப்பா எடுத்தான், தாரணி சேர்ந்தாள், நானும் சேர்ந்தேன். இந்த வீடியோ காலில் ஒருத்தர் குரல் அடுத்தவருக்குப் போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது. பேசும்போது தெரியாது, பாடும்போதுதான் தெரியும். நான் உங்களோடு சரியாகத்தான் பாடினேன். உங்கள் பக்கம் கேட்கும்போது நான் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எனக்காக நின்றீர்கள், நான் உங்களுக்காக நின்றேன், பாட்டு நொண்டியது. லோகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, நீ லேட்டா வர்ற" என்றாள் தாரணி.

"ண்ணா, நீ கொஞ்சம் நிறுத்திக்க. நாங்க முடிச்சர்றோம்" என்றான் மஞ்சு.

அவன் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "அந்தப் பாட்ட அனுப்புனதே நான்டா. என்னையே நிறுத்தச் சொல்றியா? நீ வண்டி ஓட்டற வேலைய மட்டும் பாரு. அதுங்களுக்கு அப்பன் நானு!" என்றேன்.

தாரணி போனைக் கொஞ்சம் தாழ்த்தினாள், எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது. நான் போனைத் துண்டித்தேன். நெட்வொர்க் போய்விட்டது என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய்.

அதன் பிறகு சனிக்கிழமை வந்தால் பாட்டைத் தேடுவேன், அனுப்பமாட்டேன். நான் அனுப்பாவிட்டால் அங்கே யாருக்காவது குறையாகத் தெரிகிறதா பார்ப்போம் என்று ஒரு வீம்பு. இரண்டு வாரம் கழித்து, தாங்காமல் பத்மா அக்காவுக்கு நானே போன் பண்ணிப் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"வேன்ல என்னக்கா, பாட்டுக் கச்சேரி எப்படிப் போகுது?"

"எங்கப்பா பாட்டு? மஞ்சு நியூஸ் போட்டுட்டு ஓட்டறான். உம்பொண்ணு காதுல ஒயர மாட்டிக்கிட்டு சன்னல் பக்கமா உக்காந்துக்குது. சின்னவன் ஒரு நா 'சித்தப்பா, மாட்டுப் பாட்டு'ன்னான். 'அது அப்பா பாட்டு, அப்பா வந்தப்பறம் பாடிக்கலாம்'னு மஞ்சு சொல்லிட்டான். எங்களுக்கெல்லாம் மொகமே செத்துப் போச்சு. நீ எதுனா சொன்னியா?"

"இல்லக்கா" என்றேன். மூன்றாவது பொய்.

6

அந்த வியாழன் தீவனக் கடையில் ராய்க்குச் சளிப் பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. அவர் பாட்டை எடுக்கவேண்டிய இடத்தில், அவர் மனைவியின் தம்பி எடுத்தார். மகள் வழக்கம்போல மேலே பாடினாள், இந்தத் தடவை மாமன் தோளை ஒட்டி நின்று. ராய் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் மாமன் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள்.

வெளியே வரும்போது ராயிடம் கேட்டேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "உன் இடத்தில் அவர் பாடுகிறார். உனக்கு மனசு கஷ்டமாக இல்லையா?"

ராய் இருமிவிட்டுச் சொன்னார், "இல்லாமல் என்ன? அவன் என்னைவிட நன்றாகப் பாடுகிறான். அதுதான் இன்னும் மோசம்."

"அப்புறம் எப்படித் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?"

"நான் நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும், மாதப்பா. என் மகள் பாடிக்கொண்டிருந்தாளே."

காரில் ஏறி உட்கார்ந்தேன். ரேடியோவைப் போடவில்லை. நான் பாட்டை நிறுத்தியது மஞ்சுவுக்கு இல்லை, தாரணிக்கு. ஒரு வருடமாக என் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு, தன் குரலை அதற்கு மேல் எங்கே வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்த பிள்ளை, இப்போது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வழி பண்ணினது அப்பன்.

7

சனிக்கிழமை காலையில் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். நான்கு வருடத்தில் அவன் நம்பருக்கு நானாகப் பண்ணினது அதுதான் முதல் தடவை. எப்போதும் அம்மா போனில்தான் அவனிடம் பேசுவேன். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான், தண்ணீர் சத்தம் கேட்டது.

"என்ன ண்ணா, அண்ணி எடுக்கலயா?"

"உனக்குத்தான்டா பண்ணேன்."

"எனக்கா? என்னா ஆச்சு? ஒடம்பு கிடம்பு செரியில்லயா?"

எப்படி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று காரில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது, "அன்னிக்கு அப்படிச் சொல்லிருக்கக் கூடாதுடா" என்பது மட்டும்.

அவன் பைப்பை மூடினான். "உடு ண்ணா. நாலு வருஷமா நீ என்னைக்காச்சும் திட்டுவேன்னு பாத்துட்டேதான் இருந்தேன். நானா இருந்தா நாலாவது மாசமே திட்டிருப்பேன்."

"ஏன்டா எனக்குச் சொல்லல? பாட்டெல்லாம் கேக்கறீங்கன்னு."

"தாரணி பாப்பாதான் சொல்லக் கூடாதுன்னிச்சு. பாட்டுல வர்ற நாலு வீட்டையும் தமிழ்ல கட்டி, நல்லா பாடிப் பழகிட்டு, நீ லீவுல வர்றப்ப ஏர்போர்ட்டுல இருந்து வேன்லயே பாடிக்காட்டணும்னு இருந்துச்சு. அந்தப் பத்மாக்கா வீடியோ எடுத்துக் காரியத்தக் கெடுத்துருச்சு."

அவனே பேச்சை மாற்றினான்.

"இன்னொன்னு கேளு. போன மாசம் பர்கூர்ப் பக்கம் பொண்ணு பாக்கப் போனம்ல. அவுங்க மாமன் நம்ம வேன்ல ரெண்டு புள்ளைங்கள பாத்துருக்கான். 'மாப்பிள்ளைக்கு இது ரெண்டாங் கல்யாணமா'ன்னு நேராவே கேட்டுட்டான். அண்ணிக்கு ஒரே சிரிப்பு."

"நீ என்னடா சொன்ன?"

"எங்கண்ணன் புள்ளைங்கன்னு சொன்னேன். 'உங்கண்ணன் எங்க'ன்னான். 'அமெரிக்காவுல கழுதப் பாட்டு கேட்டுட்டு இருக்கான்'னேன். பொண்ணு உள்ளாற சிரிச்சிருச்சு. பாக்கலாம்."

நானும் சிரித்தேன். ஆனால் முப்பத்தெட்டு வயசாகிறது அவனுக்கு. என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அவன் எதை எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் எனக்கு இல்லாததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நாலு வீடுன்னியே. மூணுதானடா கேட்டேன்?"

"நாலாவது புரியல ண்ணா. அந்தாளு வார்த்தைய முழுங்கிட்டுப் பாடறான். பாப்பா இருவது தடவ கேட்டுப் பாத்துச்சு. அந்த எடத்துல லல்லலான்னு ஒப்பேத்தறோம்."

8

நாலாவது வீடு எனக்குத் தெரியும். ராயிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். தேடிப் போகிறவன் கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் போகிறான். கழுதை அங்கேதான் நிற்கிறது. நன்றாகத் தின்று கொழுத்து, இவன் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல். ஊரே சிரிக்கிறது, பாட்டு முடிகிறது.

அதைத் தமிழில் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். சித்தப்பாவுக்குப் பத்து நிமிஷ வேலை. எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான்கு அடிதான். கம்பெனி கார் பார்க்கிங்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து பாடிப் பதிவு பண்ணினேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குரல் நடுங்கும். நடுவில் ஒரு லாரி போகும்.

கடைசி வீட்டுக் கொட்டாயில
கழுத்து மணி கேக்குது,
கூப்பிட்டாலும் திரும்பாம
கொள்ளுத் தின்னு நிக்குது.
கட்டிப் போட்ட ஆளு யாரு?
கண்ணத் தொடச்சுப் பாக்கறேன்,
காப்பி குடிக்க வாண்ணான்னு
கூப்பிடறான் எந்தம்பி.

நான்கு என்று சொல்லிவிட்டு எட்டாகிவிட்டது. நீங்களே இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அசல் பாட்டில் தம்பி இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான். மாற்றினது நான்.

தாரணி, இதற்கு மேலே நீ எங்கே பாடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், உனக்கே தெரியும். லோகேஷ், நாலாவது வீட்டில் மாடு கத்தாது, தின்றுகொண்டிருக்கிறது. நீ அங்கே மணி மட்டும் ஆட்டினால் போதும். சனிக்கிழமைப் பாட்டு இந்த வாரத்திலிருந்து திரும்ப வரும். கேட்டேன் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை. திங்கட்கிழமை வேனில் போட்டால் போதும், பத்மா அக்காவுக்கு முகம் தெளியட்டும்.

நாலாவது வீட்டையும் சித்தப்பா என்னைவிட நன்றாகத்தான் பாடுவான். பாடட்டும். எனக்கு எரியத்தான் செய்யும், அது அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. பாடினால் வீடியோ எடுத்து அனுப்புங்கள். அவன் நன்றாகப் பாடினான் என்றால் எனக்காகக் குறைத்துச் சொல்லவேண்டாம்.

அப்பா